ஒரு பிரேக் கட்டைக்கு இரண்டு கையெழுத்து

1

கொல்லங்கோட்டிலிருந்து போன மாதம் ஒரு கடிதம் வந்தது. எங்கள் ஜமாஅத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். 'கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் அதிசயம்' என்ற தலைப்பில் நான் நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். கடைசியில் இன்னொரு வரி. அந்த வேலையை நான் ஏன் விட்டேன் என்று ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசுவதால் அதையும் சேர்த்து எழுதினால் உபகாரமாக இருக்குமாம். முதல் கோரிக்கை மரியாதைக்கு, இரண்டாவதுதான் விஷயம் என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை.

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஸ்டோரில் திருடிப் பிடிபட்டேன் என்று ஒரு கட்சி. கடலுக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்காரர்கள் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறார்கள். பயந்தது நிஜம். கடலுக்கு அல்ல.

அதிசயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ரிக் என்பது மூன்று கால்களைக் கடலுக்குள் ஊன்றி நிற்கும் ஓர் இரும்பு மேடை. நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து குழாயோடு குழாயாக மாட்டி இறக்கிப் பூமியைத் துளைப்பார்கள். அவ்வளவுதான் அதிசயம். மற்ற நேரத்தில் ஏதாவது ஒன்று கெட்டுப்போய் நிற்கும். அது எப்போது ஓடும் என்று மேடையில் இருக்கிறவர்கள் எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்போம். வெள்ளைக்காரன் மிஷின் என்றால் நிற்காது என்று நம்பித்தான் நான் வளைகுடாவுக்கு விமானம் ஏறினேன். எங்கள் அத்தாவின் இரும்புக்கடைக்கு எதிரே இருந்த அரிசி மில் அதைவிட ஒழுங்காக ஓடியது.

2

அங்கே நான் ஸ்டோர்கீப்பர். அத்தா கடையில் ஆணி கேட்டால் பேச்சை நிறுத்தாமலே கை அந்த டப்பாவுக்குப் போகும். ரிக்கில் ஒரு ஆணிக்கு என் வீட்டுக் கதவு எண்ணைவிட நாலு மடங்கு நீளமான எண் உண்டு. அந்த எண்ணுக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு பெட்டி, பெட்டியைத் திறக்க ஒரு சீட்டு. சீட்டில் எண் தப்பாக இருந்தால் ஆணி கண்ணெதிரே கிடந்தாலும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

எழுபதுகளின் நடுவில் நான் சேர்ந்தபோது முதலில் கற்றுக்கொண்ட ஆங்கிலச் சொல் 'டவுன் டைம்'. வேலை நின்றுபோன நேரம் என்று பொருள். ரிக்குக்குச் சொந்தக்காரக் கம்பெனி ஒன்று, துளை போடச் சொல்லி அதை வாடகைக்கு எடுத்த எண்ணெய்க் கம்பெனி வேறு ஒன்று. இயந்திரம் பழுதாகி நின்றால் மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று எண்ணெய்க் கம்பெனி பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் நின்றால் வாடகை கிடையாது. அதாவது நம் சர்க்கார் குமாஸ்தாக்களைப் போல இயந்திரங்களுக்கும் கேஷுவல் லீவு இருந்தது. அது தீர்ந்துவிட்டால் மாதம் முடியும்வரை அவை நோயில் விழக் கூடாது. இந்த விதியை இயந்திரங்களுக்கு மட்டும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஆகவே எங்கள் ரிக்கில் இயந்திரத்தைப் பழுது பார்ப்பதைவிடப் பழுதின் பெயரை மாற்றுவதில்தான் திறமை காட்டினார்கள். ஒருமுறை ஜெனரேட்டர் படுத்துவிட்டது. அன்றைய அறிக்கையில் வேலை நின்றதற்குக் காரணம் 'பலத்த காற்று' என்று எழுதினார்கள். காற்றென்றால் யார் மீதும் குற்றமில்லை. அன்று கடல் கோயில் குளம் மாதிரிக் கிடந்தது. நான் சட்டையைக் கழற்றி உதறினாலே அங்கே பெரிய காற்றாக இருந்திருக்கும்.

ஒரே ஒரு இயந்திரம் மட்டும் எப்போது கெட்டாலும் உடனே சரியானது. அது சாப்பாட்டுக் கூடத்து ஐஸ்கிரீம் மிஷின். அதற்கு வேண்டிய ரப்பர் வளையம் கரையிலிருந்து ஹெலிகாப்டரில் தனியாகப் பறந்து வந்தது. அதற்குச் சீட்டு எழுதக்கூட எனக்கு நேரம் தரவில்லை. ரிக்கின் தலைவருக்கு, அவரை டூல்புஷர் என்பார்கள், ஐஸ்கிரீம் என்றால் உயிர்.

3

இந்தக் கூத்துக்கு நடுவே வந்து சேர்ந்தவர் சுடலைமுத்து. ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் பதினாறு வருடம் மெக்கானிக்காக இருந்தவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய குடும்பம். பம்பாய் ஏஜெண்டு ஒருவன் மூலமாக ரிக்குக்கு வந்தார். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் முதல் நாளே அவருக்குச் சீட்டு இல்லாமல் ஒரு ஸ்பேனர் கொடுத்தேன். என் உத்தியோகத்தில் நான் செய்த ஒரே திருட்டு அதுதான். முதல் கட்சிக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம்.

டூல்புஷரை அவர் 'துரை' என்றுதான் சொல்வார். தோட்டத்துப் பழக்கம். ஆனால் தோட்டத்தில் துரையே ஃபேக்டரி மிஷினுக்குப் பயந்தவராம். "கொழுந்து காத்துக்கிட்டு இருக்காது பாய். ரோலர் நின்னுச்சுன்னா அம்புட்டும் புளிச்சுப் போவும். அதனால நிக்கதுக்கு முந்தியே நாங்களே நிப்பாட்டிப் பாத்துருவோம்" என்று அவர் சொன்னபோது, இந்த மனிதர் இங்கே அதிக நாள் தாக்குப்பிடிக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

கோபுரத்தில் குழாய்களைத் தூக்கி இறக்கும் பெரிய உருளை ஒன்று உண்டு. கிணற்று ராட்டினத்தை யானைக்குச் செய்ததுபோல் இருக்கும். அது இறங்கும்போது பிடித்து நிறுத்துவது பிரேக். அந்தப் பிரேக்கின் கட்டைகள் தேய்ந்துவிட்டன என்று சுடலைமுத்து கண்டுபிடித்தார். புதுக் கட்டைகள் என் ஸ்டோரில் இரண்டு செட் இருந்தன. மாற்ற ஒரு பகல் வேலையை நிறுத்த வேண்டும். அவர் சீட்டுப் புத்தகத்தில் இளஞ்சிவப்புச் சீட்டு எழுதி என்னிடம் கொடுத்தார். நான் எண்ணைச் சரிபார்த்துப் புத்தகத்தோடு டூல்புஷரின் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். சுடலைமுத்துவும் கூட வந்தார். தோட்டத்து ஆங்கிலத்தில், "பிரேக் வெரி டயர்ட், சார்" என்றார்.

டூல்புஷர் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த மாதத்துப் பழுது நேரம் தீர்ந்துவிட்டது. பிரேக் அடுத்த மாதம் முதல் தேதி ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, சீட்டின் குறுக்கே சிவப்புப் பென்சிலால் 'பொறு' என்ற அர்த்தத்தில் ஒரு ஆங்கிலச் சொல்லை எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்த நகைச்சுவை அன்று சாப்பாட்டுக் கூடம் முழுக்கச் சுற்றியது. என்னைப் பார்த்தும் ஒருவர் 'வெரி டயர்ட்' என்று கேலி செய்தார். நானும் கூடச் சிரித்தேன்.

மாதம் முடிய நாலு நாள் இருந்தது.

4

யூசுப் என்ற எகிப்துக்காரரைச் சொல்லவில்லை. கோபுரத்தடியில் குழாய் மாட்டுகிறவர். அலெக்சாந்திரியாவில் மனைவியும் மூன்று குழந்தைகளும். வெள்ளிக்கிழமைகளில் ஸ்டோரின் பின்பக்கம் அவரும் நானும் சேர்ந்து தொழுவோம். தொழுகை முடிந்து அவர் கையுறை கேட்டால் எனக்குப் புரியாது. ஓதத் தெரிந்த அரபியை வைத்துக்கொண்டு கையுறை எடுத்துக் கொடுக்க முடியவில்லை. கையைக் காட்டுவார், கொடுப்பேன். அப்படி ஒரு சிநேகம்.

மூன்றாம் நாள் காலையில், டீ இடைவேளை முடிந்து எல்லோரும் வேலைக்குப் போன சற்று நேரத்தில் மேடை ஒருமுறை அதிர்ந்தது. பெட்டிகளில் இருந்த போல்ட்டுகள் எல்லாம் ஒன்றாகக் கலகலத்தன. பிறகு சத்தமே இல்லை. எந்த நேரமும் இரைந்துகொண்டிருக்கும் இடம் அது.

நான் ஓடிப் போனபோது, மேலிருந்து இறங்கிய பெரிய இரும்புக் கொக்கி மேடையின் மீது சாய்ந்து கிடந்தது. பிரேக் பிடிக்கவில்லை. உருளையை இயக்கிய ஓட்டுநர் இன்னொரு விசையைப் போட்டதால் வேகம் பாதியாகக் குறைந்ததாம். அந்தப் பாதி வேகம் யூசுப்பின் வலது காலுக்குப் போதுமானதாக இருந்தது. சுடலைமுத்து அவரைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு, தன் பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். யூசுப் அரபியில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய அம்மாவைக் கூப்பிடுகிறார் என்று மட்டும் எனக்குப் புரிந்தது.

ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போயிற்று. கரை ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அன்று பகலே புதுக் கட்டைகளை மாட்டினார்கள். முதல் தேதிவரை யாரும் பொறுக்கவில்லை.

5

இரண்டு நாள் கழித்துக் கரையிலிருந்து பர்சனல் ஆபீசர் வந்தார். எர்ணாகுளத்துக்காரர், இனிமையாகப் பேசுவார். டூல்புஷரின் அறையில் என்னை உட்கார வைத்தார். மேசையில் இரண்டு காகிதங்கள். ஒன்று, பிரேக் கட்டை கேட்டு ஸ்டோருக்கு எந்தச் சீட்டும் வரவில்லை என்று நான் சொல்வதுபோல டைப் அடித்த வாக்குமூலம். இன்னொன்று, என் மனைவி ரஹ்மத்தையும் மகள் ஷமீமாவையும் வரவழைக்க எட்டு மாதமாக நான் அலைந்துகொண்டிருந்த விசா ஃபைல். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். பிறகு அந்த இளஞ்சிவப்புச் சீட்டைக் கேட்டார். கொடுத்தேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு ஒப்பு, வேறொன்றும் வேண்டாம் என்று மலையாளத்தில் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் கையெழுத்துக்கு ஒப்பு என்றுதான் பேர். தமிழில் அதற்குச் சம்மதம் என்றும் பொருள் வரும். நான் இரண்டு பொருளிலும் போட்டேன்.

சீட்டு வரவில்லை என்றால் மெக்கானிக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் குற்றம் அவருடையது. மறுநாளே சுடலைமுத்துவை ஊருக்கு அனுப்ப உத்தரவு வந்தது. போகும் முன் கருவிகளை ஒப்படைக்க ஸ்டோருக்கு வந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான் பட்டியலில் கோடு போட்டேன். முதல் நாள் கொடுத்த ஸ்பேனரையும் மறக்காமல் வைத்தார். நான் என்ன எழுதிக் கொடுத்தேன் என்பதை அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தார்கள்.

"விசா வந்துருச்சா பாய்?" என்று கேட்டார்.

இன்னும் இல்லை, வரும் என்றேன்.

"நல்லது" என்றார். அவர் குத்திக்காட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே நல்லது என்றுதான் சொன்னார்.

ஆறு வாரத்தில் விசா வந்தது. என்னைக் கரையிலேயே பெரிய ஸ்டோருக்கு மாற்றினார்கள். நாற்காலியில் சக்கரம் இருந்தது. விபத்து அறிக்கையில், வேலை நின்ற நேரத்துக்குக் காரணம் 'ஆள் தவறு' என்று எழுதியிருந்தார்கள். எங்கள் கம்பெனியில் இயந்திரம் ஒருநாளும் தவறு செய்ததில்லை.

6

என்னிடம் எதையும் தூக்கிப் போடாத கடைக்காரப் புத்தி உண்டு. சீட்டுப் புத்தகத்தில் மேல் தாள் போனாலும் கார்பன் நகல் அடியில் தங்கும். டூல்புஷர் அவசரத்தில் புத்தகத்தோடு வைத்து அழுத்தி எழுதியதால் அந்தச் சொல்லும் அவர் கையெழுத்தும் நகலிலும் விழுந்திருந்தன. தீர்ந்துபோன அந்தப் புத்தகம் எப்படியோ என் பெட்டியில் கரைக்கு வந்துவிட்டது. எப்படியோ என்பது பொய். நான்தான் வைத்தேன்.

ஒரு வருடம் கழித்துப் பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது அது ரஹ்மத்தின் கையில் பட்டது. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் துணிகளுக்கு அடியில், குர்ஆன் உறைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டோர் புத்தகம் ஏன் இருக்கிறது என்று கேட்கத் தெரியும். எல்லாவற்றையும் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனுங்க, அப்ப நானும் புள்ளையும் இங்க வந்தது அந்த மனுசனோட வேலை போனதாலீங்களா?"

அவள் கீழே வைத்த துணியை எடுத்து நான் மடித்தேன்.

"அவரு இப்ப எங்க இருக்காருன்னாவது தெரியுங்களா?"

தெரியாது என்றேன். அதன் பிறகு நான் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்வரை அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. கிளம்பும்போது அந்தப் புத்தகத்தைச் சட்டைகளுக்கு மேலே வைத்திருந்தாள்.

கொல்லங்கோட்டில் மூன்று நாள் விருந்து. ஆபீஸில் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்காருகிறேன் என்று சொன்னபோது எல்லோரும் வியந்தார்கள். நாலாம் நாள் மலைக்குப் போனேன். ஏலப்பாறையில் சுடலைமுத்து குடும்பம் இருந்த லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், வேறு யாரோ இருந்தார்கள். வேலையை விட்டு வெளிநாடு போனவனுக்குத் தோட்டத்தில் மறுபடியும் பேர் எழுத மாட்டார்கள், வீடும் காலி செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். குமுளியில் ஏதோ ஒர்க்‌ஷாப்பில் இருப்பதாகத் தகவல்.

குமுளி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஏலக்காய்க் கடைகளைத் தாண்டி அந்த ஒர்க்‌ஷாப். கம்பம் போகும் பஸ் ஒன்று சக்கரங்கள் கழன்று நிற்க, அடியில் சுடலைமுத்து படுத்திருந்தார். பக்கத்தில் பஸ் முதலாளி நின்று, சாயங்கால டிரிப்புக்காவது வண்டி வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பிரேக் லைனிங் தேய்ந்திருக்கிறது, நாளைக்குத்தான் போகும் என்று அடியிலிருந்து பதில் வந்தது. முதலாளி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். மலைப்பாதையில் நாலு பஸ் ஓட்டும் ஒரு மனிதருக்கு, கடலில் பல ரிக் ஓட்டும் கம்பெனிக்கு இல்லாத புத்தி இருந்தது. வாடகைக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் வேறு, வண்டியில் போகிற ஆள் வேறு என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை போலும்.

என்னைப் பார்த்ததும் சுடலைமுத்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து டீ வாங்கிக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் வாக்கியம் தயாரித்திருந்தேன். பாதியில் தடுமாறியது. புத்தகத்தைத் திறந்து நகலைக் காட்டினேன். இதை வைத்து அவருக்கு வேலையைத் திரும்ப வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்கு அந்த வேல வேண்டாம் பாய். யூசுப்புக்கு என்ன குடுத்தாங்க?"

தெரியாது என்றேன். பிறகு, தெரிந்ததைச் சொன்னேன். உடன் வேலை பார்த்தவனின் தவறு என்று அறிக்கை இருப்பதால் விமான டிக்கெட்டும் ஒரு மாதச் சம்பளமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"மூணு பிள்ளைங்க அவனுக்கு" என்றார். "இத அவங்கிட்டக் குடுங்க. எங்கிட்ட எதுக்குக் கொண்டாந்தீங்க?"

அவர் குரலில் முதல்முறையாகக் கோபம் இருந்தது. டீக் கிளாசை வைத்துவிட்டு மறுபடி பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் சக்கரங்களுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பஸ் ஏறினேன்.

7

திரும்பி வந்ததும் நடந்ததை நடந்தபடி எழுதினேன். முதலில் கொடுத்த வாக்குமூலம் பொய் என்றும், விசாவுக்காகப் போட்டேன் என்றும் எழுதி, நகலோடு சேர்த்து யூசுப்பின் முகவரிக்கு ஒன்று, எண்ணெய்க் கம்பெனிக்கு ஒன்று. யூசுப்பின் பெட்டியை ஊருக்கு அனுப்பியதே நான்தான், அதனால் முகவரி என்னிடம் இருந்தது. தபால் பெட்டிவரை போய் இரண்டு தடவை திரும்பி வந்த பிறகுதான் போட்டேன். வீரம் என்று ஊரில் யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஏழு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. கடிதங்களுக்கும் டவுன் டைம் உண்டு. பிறகு ஒருநாள் அதே பர்சனல் ஆபீசர் கூப்பிட்டார். யூசுப்பின் வக்கீல் எண்ணெய்க் கம்பெனிக்கு எழுதி, அவர்கள் இவர்களைக் கேட்டு, விஷயம் சுற்றி வந்திருந்தது. மேசையில் மறுபடியும் இரண்டு காகிதங்கள். இரண்டிலும் என் ஒப்பு. எது பொய் என்று கேட்டார். முதலாவது என்றேன். அன்று பொய் சொன்ன ஆள் இன்று உண்மை சொல்வதாக எப்படி நம்புவது என்றார். நியாயமான கேள்விதான்.

"முதல் ஒப்புக்கு எனக்கு விசா கிடைச்சுது சார். ரெண்டாவதுக்கு என்ன கிடைக்கும்னு உங்களுக்கே தெரியுமே" என்றேன்.

அந்த வாரமே கிடைத்தது. வேலைநீக்க உத்தரவும், நாட்டை விட்டுப் போக ஒரு மாதத் தவணையும். அதற்குள் எங்கள் பாலக்காட்டுக்காரர் ஒருவர் இந்தத் துறைமுகத் தெருவில் வைத்திருக்கும் கடையில் என்னைச் சேர்த்துக்கொண்டு விசாவை மாற்றினார். இரும்புக்கடை. அத்தாவின் கடையிலிருந்து எதிர்வரிசைக் கடைக்கு வர நான் ஒரு கடலைத் தாண்டி, எண்ணெய் எடுத்து, ஆறு வருடம் சுற்றியிருக்கிறேன். சுடலைமுத்துவுக்கு, மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்று கம்பெனி ஒரு கடிதம் போட்டதாம். அவர் பதில் எழுதவில்லை. எனக்கும் இதுவரை எழுதவில்லை.

போன வெள்ளிக்கிழமை பகல், சாப்பிட்டு முடித்து, முந்தின நாள் எகிப்திலிருந்து வந்திருந்த ஒரு கடிதத்தைப் பிரித்தேன். இரண்டு பக்கம், முழுக்க அரபி. ஓத மட்டும் தெரிந்த எனக்கு அதில் அல்லாஹ்வின் பெயர் எங்கெங்கே வருகிறது என்பது மட்டும் தெரிந்தது. ஷமீமாவுக்குப் பன்னிரண்டு வயது. இந்தியப் பள்ளியில் இடம் கிடைக்காமல் இங்கத்துப் பள்ளியில் சேர்த்தோம். அவள் இப்போது தோழிகளோடு அரபியில் சண்டை போடுகிறாள். எங்களோடு பேசும் தமிழ் நாளுக்கு நாள் சுருங்கி வருகிறது என்று ரஹ்மத் கவலைப்படுவாள். ஷமீமாவைக் கூப்பிட்டு வாசித்துச் சொல்லச் சொன்னேன்.

ஒரு வரி வாசிப்பாள், நிறுத்தி யோசிப்பாள், தமிழில் சொல்வாள். சலாம். யூசுப்புக்கு நஷ்ட ஈடு கிடைத்துவிட்டது. மரக்கால் வைத்து நடக்கிறார். வீட்டு முன்னால் ஒரு சின்னக் கடை போட்டிருக்கிறார். பெரிய பையன் பள்ளிக்கூடம் போகிறான். சுடலைமுத்துவின் முகவரி வேண்டும். ரஹ்மத் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அப்புறம்?" என்றேன்.

"முதல்ல நீங்க பொய் எழுதுனீங்களாமா அத்தா" என்று படித்தாள். "அப்ப அவருக்கு உங்க மேல..." அங்கே நின்றாள். மீதியை வாய்க்குள்ளேயே வாசித்தாள். பக்கத்தைத் திருப்பி அடியில் இருந்த கையெழுத்துவரை போனாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் சொல்லத் தனக்குத் தமிழ் வரவில்லை என்றாள்.

அவளுக்குத் தமிழ் வரும் என்றுதான் நினைக்கிறேன்.